தொட்டி சுருங்கியதா, குழாய் பெருத்ததா?

பொத்துவில் முதல் கல்முனை வரை லெப்டொப் திருத்தும் கடைகளில் இருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

 

கோமாரியிலிருந்து எழுதுகிறேன். கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். சாதாரண தரப் பிள்ளைகளுக்கு மாதிரி வினாத்தாள் தட்டிக் கொடுப்பதும், அயலவர்களுக்குப் பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதுமாக இப்போது பொழுது போகிறது. அதற்கு என்னிடம் இருப்பது ஒரேயொரு லெப்டொப். அதைத் தூக்கிக்கொண்டு உங்களில் ஒருவரிடம் வந்தேன். யாரென்று சொல்லமாட்டேன், எந்த ஊரென்றும் சொல்லமாட்டேன். அந்தத் தம்பி ஒரு வார்த்தை மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. பிளேன்டீயும் வாங்கித் தந்தார். பிழை அவர் ஒருவருடையது என்றால் பஸ் ஏறிப் போய் நேரிலேயே சொல்லியிருப்பேன்.

நடந்தது இதுதான். 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. அதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே திரையில் அறிவித்தல் வந்துகொண்டிருந்தது. நவம்பரில் ஒரு நாள் அயல்வீட்டுப் பிள்ளை பென்ட்ரைவ் ஒன்றைக் கொண்டுவந்து விண்டோஸ் 11ஐ ஏற்றித் தந்தான். டேட்டா மிச்சம் பிடிக்கலாம் என்று இணையத்தைத் தொடுக்காமலே வேலை முடிந்தது. நம் பக்கம் ஒரு பாடசாலையைத் தரமுயர்த்தினால் முதலில் பெயர்ப்பலகைதான் மாறும். மற்றதெல்லாம் ஆறுதலாக வரும். லெப்டொப்பிலும் அப்படித்தான் ஆகியிருக்கிறது என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

முன்னர் கரண்ட் இல்லாமல் மூன்றே கால் மணித்தியாலம் நின்ற சார்ஜ், ஒரு மணி இருபத்தைந்து நிமிஷத்தில் இறங்கியது. இரண்டு கிழமை பொறுத்தேன். பிறகு கடைக்கு வந்தேன். தம்பி மூடியைத் திறந்தார், பார்த்தார், "பெட்டரி செத்துப் போச்சி சேர், புது விண்டோஸ பழைய பெட்டரி தாங்காது, மாத்தினாத்தான் சரி" என்றார். 14,500 ரூபா. மாற்றினார். வீட்டுக்கு வந்து நேரம் பிடித்துப் பார்த்தேன். ஒரு மணி எட்டு நிமிஷம்!

பழையதைவிடப் புதியது பதினேழு நிமிஷம் குறைவு. கோபம் வந்தது உண்மைதான். கோபத்தைவிட, கணக்கு வாத்தியாருக்கு வரும் அரிப்பு ஒன்று வந்தது. விடை பிழை என்றால் வழி எங்கேயோ பிழைத்திருக்க வேண்டும்.

உங்களில் பலரும் ஏழாம் எட்டாம் வகுப்பில் தண்ணீர்த் தொட்டிக் கணக்குச் செய்திருப்பீர்கள். தொட்டியில் இத்தனை லீற்றர் தண்ணீர், குழாய் மணிக்கு இத்தனை லீற்றர் வெளியேற்றும், தொட்டி எப்போது வெறுமையாகும்? ஒன்றை மற்றதால் வகுத்தால் விடை. லெப்டொப் பெட்டரி அந்தத் தொட்டிதான். கொள்ளளவு வாட்மணியில், ஒழுக்கு வாட்டில். தொட்டி நேரத்தோடு வெறுமையானால் காரணம் இரண்டில் ஒன்று: தொட்டி சுருங்கியிருக்கும், அல்லது குழாய் பெருத்திருக்கும். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியும்: "சார்ஜ் நிக்குதில்ல." பெட்டரி மாற்றுவது தொட்டியை மாற்றுவது. மென்பொருளைத் தரமுயர்த்தியபின் வரும் வருத்தத்தில் பெரும்பாலும் மாறியிருப்பது குழாய்.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை இப்போது ஒலுவிலில், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் கறுப்புத் திரையைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்று தட்டி, ஒரு சாய்கோடு போட்டு, பெட்டரிரிப்போர்ட் என்று சேர்த்து எழுதினாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அறிக்கை ஒன்று வந்து விழுந்தது. விண்டோஸ் 8 காலத்திலிருந்தே இந்த வசதி இருக்கிறதாம். உங்களுக்குத் தெரியாத வித்தை அல்ல இது. நீங்கள் ஏன் வாடிக்கையாளருக்கு இதைக் காட்டுவதில்லை என்பதுதான் என் கேள்வி.

அதில் வாரவாரியாக ஒரு வரிசை இருக்கிறது. கழற்றப்பட்ட என் பழைய பெட்டரி: தயாரித்தபோது 41,000 மில்லிவாட்மணி, கடைசி வாரத்தில் முழுச் சார்ஜில் 33,200. அதாவது நூற்றுக்கு எண்பத்தொன்று. நாலரை வருடம் உழைத்த பெட்டரிக்கு இது பரிசு கொடுக்க வேண்டிய புள்ளி. புதிதாகப் போட்ட பெட்டரி: முழுச் சார்ஜில் 26,400. இனி வகுத்துப் பாருங்கள். பழையது ஒரு மணி இருபத்தைந்து நிமிஷத்தில் தீர்ந்தது என்றால் ஒழுக்கு 23 வாட் சொச்சம். புதியது ஒரு மணி எட்டு நிமிஷத்தில் தீர்ந்தாலும் அதே 23 வாட் சொச்சம். விண்டோஸ் 10இல் மூன்றே கால் மணித்தியாலம் நின்றபோது ஒழுக்கு பத்து வாட் அளவில்தான் இருந்திருக்கிறது. குழாய் இரண்டு மடங்குக்கு மேல் பெருத்துக் கிடக்க, நல்ல தொட்டியைக் கழற்றிச் சின்னத் தொட்டியைப் பூட்டி 14,500 ரூபாவும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

குழாய் ஏன் பெருத்தது? திரை வெளிச்சத்தைக் குறைக்கும் கோடு வேலை செய்யவில்லை. புதுப் பதிப்பு இப்படித்தானாக்கும் என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். அதுவே பெரிய அடையாளமாம். கிராபிக்ஸ் ட்ரைவர் ஏறவில்லை. இணையம் இல்லாமல் ஏற்றியதால் மைக்ரோசொப்டின் அடிப்படை ட்ரைவரே ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடினால் படம் வரையும் வேலை முழுவதும் புரொசெசரின் தலையில் விழும், திரை எந்நேரமும் முழு வெளிச்சத்தில் எரியும். போதாதற்கு, நான் இருபது வருடமாகச் சேர்த்த வினாத்தாள் கோப்புகளையெல்லாம் விண்டோஸ் மறுபடி ஒவ்வொன்றாகப் படித்துத் தேடலுக்கான சுட்டி தயாரித்துக்கொண்டிருந்தது. என்னுடையதில் இருப்பது பழைய சுழலும் வன்தட்டு. அது ஓயாமல் சுற்றியது. அந்தப் பிள்ளை தயாரிப்பாளரின் ட்ரைவரை இறக்கிப் போட்டாள். சுட்டி தயாரிக்கும் வேலை முடியட்டும் என்று ஓர் இரவு முழுக்கச் சார்ஜரில் விட்டோம். மறுநாள் ஒழுக்கு பத்தரை வாட். சின்னத் தொட்டியோடு இரண்டரை மணித்தியாலம் நிற்கிறது. பழைய பெட்டரி இருந்திருந்தால் மூன்று மணித்தியாலத்தைத் தாண்டியிருக்கும்.

இதைப் படித்துவிட்டு, "அப்ப எல்லாத்துக்கும் விண்டோஸ்தான் காரணம் எண்டு சேர் சொல்றார்" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நேர்மாறாக நடந்த கதையும் உண்டு, அது உங்கள் பக்கத்துக்குச் சாட்சி. 2009 ஒக்டோபரில் விண்டோஸ் 7 வந்தது. விஸ்டாவிலிருந்து அதற்கு மாறிய பலருக்குச் சில மாதங்களில் பெட்டரிப் படத்தின் மேல் ஓர் எச்சரிக்கை தெரிந்தது: பெட்டரியை மாற்றுவது பற்றி யோசியுங்கள் என்று. நேற்றுவரை நன்றாக இருந்த பெட்டரியைப் புதுப் பதிப்பு கொல்கிறது என்று உலகம் முழுக்க ஒரே கூச்சல். 2010 பெப்ரவரி 8 அன்று விண்டோஸ் பிரிவின் தலைவராக இருந்த ஸ்டீவன் சினோவ்ஸ்கி நீண்ட விளக்கம் எழுதினார். முந்திய பதிப்புகள் பெட்டரியின் ஆரோக்கியத்தைப் பயனருக்குச் சொன்னதேயில்லை. விண்டோஸ் 7தான் முதன்முதலில் பெட்டரிக்குள் இருக்கும் சிப்பைக் கேட்டு, தயாரித்தபோதிருந்த கொள்ளளவில் நூற்றுக்கு நாற்பதுக்குக் கீழே போனால் எச்சரிக்கும்படி செய்யப்பட்டிருந்தது. அவர்கள் ஆராய்ந்து பார்த்த முறைப்பாடுகளில் பெட்டரிகள் உண்மையிலேயே மாற்ற வேண்டிய நிலையில்தான் இருந்திருக்கின்றன. அங்கே தொட்டிதான் சுருங்கியிருந்தது. சொன்னவன்மேல் பழி விழுந்தது.

அடுத்த வருடமே மற்றப் பக்கக் கதை. 2011இல் லினக்ஸ் இயங்குதளக் கருவின் 2.6.38 பதிப்பு வந்தபின், அதைப் போட்ட பல லெப்டொப்கள் முன்னரைவிடக் கூடுதலாக மின்சாரம் குடித்தன. பெட்டரியில் ஒரு மாற்றமும் இல்லை. உள்ளே இருக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்புகளை வேலையில்லாத நேரத்தில் உறங்கவைக்கும் ஒரு வசதி, சில இயந்திரங்களின் பயாஸ் சொன்ன தகவலை நம்பி அணைக்கப்பட்டிருந்தது. மத்தியூ கரெட் என்ற நிரலாளர் விண்டோஸ் இதை எப்படிக் கையாள்கிறது என்று பார்த்துத் திருத்தம் எழுதினார்; 2012இல் வந்த 3.3 பதிப்பில் அது சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் எத்தனை நல்ல பெட்டரிகள் குப்பைக்குப் போயினவோ.

இரண்டு கதையிலும் வாடிக்கையாளர் சொன்னது ஒரே வசனம். அந்த வசனத்தை வைத்து எவராலும் தீர்ப்புச் சொல்ல ஏலாது. அதனால்தான் கேட்கிறேன்: ஸ்குரூ ட்ரைவரைக் கையில் எடுக்கும் முன் அந்த இரண்டு எண்ணையும் எடுங்கள். தயாரித்தபோது எவ்வளவு, இப்போது எவ்வளவு. எங்களுக்குக் காட்டுங்கள், பில்லின் பின்பக்கத்திலாவது எழுதித் தாருங்கள். புதியதைப் பூட்டியபின் மறுபடி ஒருமுறை எடுத்து, புதியதன் எண்ணையும் எழுதுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் இருக்கிறது. அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கப் போகிறேன் என்று வெருட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. எண் எழுதிய பில் உங்களுக்கும் காப்பு. மொத்த வியாபாரி உங்களுக்கு 26,400ஐ 41,000 என்று விற்றால், அவனிடம் திரும்பிப் போக உங்கள் கையில் ஒரு கடதாசி வேண்டாமா?

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சிப்பும் பொய் சொல்லும். மலிவுப் பெட்டரிகளில் ஸ்டிக்கரில் மாத்திரமல்ல, சிப்பிலேயே பொய் எண் எழுதப்பட்டு வருவதுண்டு. அதனால் நேரம் பிடித்துப் பார்ப்பதும் தேவை. முழுச் சார்ஜில் விட்டு, ஒரு வீடியோவை ஓடவிட்டு, அரை மணித்தியாலத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது பெரிய விஞ்ஞானமல்ல.

நேரம் எங்கே இருக்கிறது என்பீர்கள். தெரியும். பஸ் வரும் முன் வேலை முடிய வேண்டும் என்று வாசலில் நிற்பவன் நான்தான். பெட்டரி ஒன்று விற்றால் உங்களுக்கு ஆயிரமோ இரண்டாயிரமோ மிஞ்சும். ஒரு மணித்தியாலம் குந்தி ட்ரைவர் தேடினால் "அதுக்கும் காசா? சும்மா பார்த்ததுதானே" என்று கேட்பவர்களும் நாங்கள்தான். டொக்டரிடம் மருந்தில்லாமல் வந்தால்கூடப் பார்த்ததற்குக் காசு கொடுக்கிறோம். உங்களிடம் சாமான் கைமாறினால்தான் காசு என்று பழக்கிவைத்திருக்கிறோம். பிறகு நீங்கள் சாமான் விற்கிறீர்கள் என்று குறை சொல்கிறோம். இந்தப் பழக்கம் இரண்டு பக்கமும் மாற வேண்டும். சோதித்துப் பார்க்க ஐந்நூறோ ஆயிரமோ என்று சுவரில் எழுதித் தொங்கவிடுங்கள். முதல் ஆளாக நான் தருகிறேன். 14,500ஐவிட அது எனக்கு இலாபம்.

இந்தக் கரையில் பெட்டரி என்பது ஆடம்பரமல்ல என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் முழு நாடும் இருண்டது. அடுத்து வந்த நாட்களிலும் ஒன்றரை மணித்தியால வெட்டு. பாணந்துறைக் குரங்குக்கும் கோமாரி மனிதனுக்கும் என்ன தொடர்பு என்று அன்று எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்தபின் நான் சார்ஜ் எத்தனை வீதம் என்றுதான் பார்த்தேன். ஒரு வினாத்தாள் பாதியில் நின்றது.

வெப்பத்தைப் பற்றியும் உங்கள் வாயால் எங்களுக்குச் சொல்ல வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழே என் மேசை என்ன சூடு சுடும் என்பது எனக்குத் தெரியும். (வேறு மாவட்ட வாசகர் எவராவது இதைப் படித்தால், நான் சொல்வது காற்று, கடலை அல்ல.) லித்தியம் அயன் பெட்டரியைப் பற்றி அடிக்கடி காட்டப்படும் கணக்கு ஒன்று உண்டு: 40 பாகை வெப்பத்தில் முழுச் சார்ஜோடு ஒரு வருடம் வைத்திருந்தால் கொள்ளளவு நூற்றுக்கு அறுபத்தைந்தாகக் குறையும், அதே வெப்பத்தில் நாற்பது வீதச் சார்ஜோடு வைத்தால் எண்பத்தைந்து மிஞ்சும். இருபத்தைந்து பாகையில், நாற்பது வீதத்தில் வைத்தால் தொண்ணூற்றாறு. நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? கரண்ட் எப்போது போகுமோ என்ற பயத்தில் இருபத்துநாலு மணித்தியாலமும் சார்ஜரைக் குத்தியபடியே விட்டுவைக்கிறோம். சூடும் முழுச் சார்ஜும் சேர்ந்த மிக மோசமான சோடி. லெனோவோ, அசுஸ் போன்ற பலவற்றில் எண்பது வீதத்தோடு சார்ஜ் ஏறுவதை நிறுத்தும் வசதி இருக்கிறது. கடையை விட்டு லெப்டொப் வெளியேறும் முன் அதை நீங்கள் போட்டுவிட்டால் என்ன? இரண்டு சொடுக்குத்தான்.

இன்னொரு வகை முறைப்பாடும் இனி உங்களிடம் வரும். புதிய மொடல்களில் அது கூடுதல். மூடிவைத்துப் பையில் போட்டேன், கல்முனை போய்ச் சேர முன் சூடேறி இருபது வீதம் குறைந்துவிட்டது என்பார்கள். பழைய லெப்டொப்கள் உறங்கினால் நினைவகத்துக்கு மாத்திரம் சிறிது மின்சாரம் போகும். இப்போது வருபவை பலவும் தொலைபேசியைப் போல அரைத் தூக்கம். உள்ளே இணையம், அப்டேட் எல்லாம் விழித்தெழலாம். ஹைபர்னேட்டைத் திறந்து, மூடியை மூடினால் அதற்குப் போகும்படி வைத்துக்கொடுத்தால் தீர்ந்தது. இதற்கும் பெட்டரிக்கும் சம்பந்தமில்லை.

இன்னும் விண்டோஸ் 10இலேயே இருப்பவர்கள் உங்கள் கடைக்கு ஓடிவந்து "உடன மாத்தித் தாங்க" என்றால், பொறுக்கச் சொல்லுங்கள். பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2026 ஒக்டோபர் 13 வரை வரும். எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் புரொசெசர்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்; சுற்றுவழியில் ஏற்றலாம் என்பதும் தெரியும். ஏற்றிக் கொடுத்தால், ட்ரைவர் கிடைக்குமா என்று முதலில் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். ஏற்றும் முன் ஒரு பெட்டரி அறிக்கை, ஏற்றி ஒரு கிழமைக்குப் பின் இன்னொன்று. முதல் சில நாள் சார்ஜ் வேகமாக இறங்கும், பயப்பட வேண்டாம் என்று ஒரு வார்த்தை. முந்திய பதிப்புக்குத் திரும்ப விண்டோஸ் பத்து நாள்தான் தவணை தருகிறது. நான் இரண்டு கிழமை பொறுத்தேன் என்று மேலே சொன்னேனே, அந்தப் பொறுமைதான் எனக்கு அந்த வழியையும் அடைத்தது.

கடைசியாக, கழற்றுவதைத் திருப்பித் தாருங்கள். வீங்கிய பெட்டரி என்றால் வேண்டாம். அதைக் கடற்கரை மணலில் புதைக்காமல், குப்பையோடு எரிக்காமல் உரிய இடத்தில் சேர்த்தால் போதும். மற்றது எங்கள் சாமான். ஒரு காலத்தில் பின்பக்கத்துக் கொளுக்கியைத் தள்ளினால் பெட்டரி கையோடு வரும். இப்போது அடித்தகட்டைக் கழற்றாமல் எதுவும் தெரியாது என்பதால், வெளியே வந்தது எது என்று பார்க்கும் உரிமையாவது எங்களுக்கு வேண்டும்.

என் பழைய பெட்டரியின் முதுகில் நீல மார்க்கரால் "2021 மே" என்று எழுதியிருக்கும். உங்களில் எவருடைய மேசை இலாச்சியிலாவது அது இன்னும் கிடந்தால் வீசிவிடாதீர்கள். 33,200 அதில் இருக்கிறது. வருகிற வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன், சோதிக்கும் காசு ஆயிரம் ரூபாவோடு.

இப்படிக்கு,
கோமாரியிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார்